மாணவர் ஃபீட்பேக்: இன்டர்னல் பயம் இருக்கும்வரை உண்மை வராது

தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர், தன்னாட்சிக் கல்லூரி:

அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறையில் நூற்றுக்கு, தியரிக்கு 40, லேபுக்கு 60 மதிப்பெண் இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடுவது. கலைக் கல்லூரிகள் பலவற்றில் 25. அதைப் போடுகிற ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்றுதான் மாணவர் ஃபீட்பேக் எழுத வேண்டும். "யாருக்கும் தெரியாது, தைரியமாக எழுதுங்கள்" என்று மேடையில் சொல்வதால் பயம் போகாது. தன் கண்ணெதிரே நடக்கும் ஏற்பாட்டைத்தான் மாணவர் நம்புவார்.

ஃபீட்பேக்கைத் தாளில் எடுத்தால் கடைசி வேலைநாளுக்கு இரண்டு வாரம் முன்பு, பீரியடின் முதல் 15 நிமிடத்தை ஒதுக்குங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் கொடுத்தால் எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தில் கோடு விழும். டெஸ்ட் பேப்பர் திருப்பித் தரும் நாள் வேண்டவே வேண்டாம். பாடம் எடுப்பவர் வெளியே போய்விட வேண்டும். வேறு துறை ஆசிரியர் ஒருவர் தாள்களை எண்ணிக் கொடுத்து, எழுதியது, எழுதாதது இரண்டையும் எண்ணி வாங்க வேண்டும். வகுப்பிலேயே உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே இரண்டு மாணவர் கையெழுத்து. உறை துறை அலுவலகம் வழியாகப் போகவே கூடாது, நேரே எங்கள் பிரிவுக்கு வர வேண்டும். பதிவெண் கட்டம் பழைய படிவத்தில் இருந்தால் அடித்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், புதிதாக அச்சடியுங்கள்.

கணினி மையப் பொறுப்பாளர்:

மேடம் சொன்னது தாளுக்கு. கூகுள் ஃபார்ம்ஸில் கோட்டை விடுகிற இடங்கள் வேறு. மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்தாலும், ஒருவருக்கு ஒரு பதில் என்ற வசதியைப் போட்டால் லாகின் கேட்கும். முகவரி பதிவாகாது என்றாலும் படிவத்தின் தலையில் தன் முகவரியைப் பார்த்ததுமே மாணவர் பின்வாங்கிவிடுகிறார். அதற்குப் பதிலாக படிவத்தில் பெயருக்குப் பதில் எழுத, 60 பேருக்கு வெவ்வேறு குறியீடுள்ள 60 சீட்டு அச்சடித்து, மடித்துப் பெட்டியில் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லலாம். யாருக்கு எது போனது என்ற பட்டியலே இருக்கக் கூடாது. ஒரே குறியீடு இரண்டு முறை வந்தால் முதல் பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் ஷீட்டில் நேரமும் பதிவாகும். லேபில் யார் எப்போது எழுந்து போனார் என்பதோடு அதைப் பொருத்திப் பார்க்க முடியும். நேரப் பத்தியை நீக்கி, வரிசைகளைக் கலைத்த பிறகே ஷீட்டை வெளியே கொடுங்கள். துறைத் தலைவருக்கு (எச்.ஓ.டி.) எடிட் அனுமதி வேண்டாம்.

புள்ளியியல் பேராசிரியர்:

சின்ன வகுப்பில் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும். எம்.எஸ்சி.யில் 9 பேர், ஆசிரியருக்கு 1 முதல் 5 வரை போட்ட மதிப்பெண்ணின் சராசரி 3.0, ஆக மொத்தம் 27. ஹாஸ்டல் மாணவர் 8 பேரின் சராசரி 3.25 என்று தனியாகவும் வெளியிட்டால் அது 26. மிச்சமிருக்கும் டே ஸ்காலர் 1 போட்டார் என்பது கழித்தலிலேயே வந்துவிடுகிறது. ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவுக்கும் எண் தராதீர்கள். கழித்தால் அப்படி ஒரு பிரிவு மிஞ்சுமானால் மற்றதையும் தராதீர்கள்.

கருத்துப் பகுதியில் கையெழுத்தே காட்டிக்கொடுக்கும். தட்டச்சு செய்து, "நான் ஆபரேஷனுக்கு லீவு போட்டபோது" போன்ற அடையாளங்களை எடுத்துவிட்டுத்தான் ஆசிரியரிடம் போக வேண்டும். அதுவும் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு. இந்த ஒரு விதியில் மட்டும் யாருக்கும் விலக்குக் கூடாது.

ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். 4.1க்கும் 4.2க்கும் வித்தியாசம் பார்த்து ரேங்க் போடுவது அநியாயம். 60 பேரில் 12 பேர் மட்டும் எழுதியிருந்தால் சராசரியே வேண்டாம். எத்தனை பேர் 1, எத்தனை பேர் 5 என்ற பரவலைக் காட்டுங்கள். கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் வந்த நடுவர் தீர்ப்பு, பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க இந்த மதிப்பெண்களைப் பயன்படுத்தக் கூடாது என்றது. பாடத்தின் வேகம், போர்டு தெரிகிறதா, விடைத்தாள் எப்போது திரும்பி வருகிறது போன்றவை மாணவர் நேரடியாகப் பார்ப்பவை, அவற்றைக் கேளுங்கள். ஆசிரியரின் பாட அறிவுக்கு மாணவரிடம் மார்க் கேட்காதீர்கள். அதைச் சொல்ல அதே பாடம் நடத்தும் இன்னொருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.