இபெலின் ஆவணப்படம்: மேட்ஸின் உரையாடல்களைப் படமாக்கியது சரியா?

வெண்ணிலா:
'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' பார்த்தேன். பெஞ்சமின் ரீ இயக்கிய நார்வே ஆவணப்படம், நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. டுஷென் தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த மேட்ஸ் ஸ்டீன் 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். நட்பு, காதல் எதையும் அறியாமலே பிள்ளை போய்விட்டான் என்று பெற்றோர் கலங்குகிறார்கள். அவர் விட்டுச்சென்ற கடவுச்சொல்லை வைத்து வலைப்பூவில் இறப்புச் செய்தியைப் போட்டால், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் அவருக்கு ஒரு கூட்டமே இருந்திருக்கிறது. அவர்களில் சிலர் நாடு கடந்து அடக்கத்துக்கே வந்தார்கள். அவசியம் பாருங்கள்.

அருள்மொழி:
பார்த்தேன், அழுதேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவரோடு விளையாடிய குழுவினரிடம் இருந்த 42,000 பக்கப் பதிவிலிருந்து உரையாடல்களை எடுத்து, நடிகர்களைப் பேசவைத்து அனிமேஷன் ஆக்கியிருக்கிறார்கள். தன் நோயையே பல ஆண்டுகள் அந்த நண்பர்களிடம் மறைத்தவர் அவர். காதல் பேச்சு, கோபத்தில் நண்பர்களைக் காயப்படுத்தியது எல்லாம் இப்போது உலகத்தின் முன்னால். வலைப்பூவின் கடவுச்சொல்லைத்தான் கொடுத்துவிட்டுப் போனார். அரட்டைக்கும் சேர்த்தா கொடுத்தார்?

வெண்ணிலா:
ஓர் உரையாடலுக்கு இரண்டு பேர் சொந்தக்காரர்கள். அதே குழுவில் விளையாடிய, மகனைத் தொட்டு அணைக்க முடியாமல் தவித்த டென்மார்க் தாயை நினைத்துப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள அந்தப் பையனை உங்களோடு விளையாட்டுக்குள் அழைத்து வாருங்கள் என்று மேட்ஸ்தான் யோசனை சொன்னார். முதலில் திரையில் அணைத்துக்கொண்டார்கள், அப்புறம் வீட்டில். அதை அந்தத் தாயே கேமரா முன்னால் சொல்கிறார். அவர் கதையைச் சொல்லக் கூடாது என்று மேட்ஸ் பெயரால் நாம் தடுக்க முடியுமா?

மேட்ஸ் கோபக்காரராக இருந்ததைக் காட்டியதும் எனக்குப் பிடித்திருந்தது. மாற்றுத்திறனாளி என்றாலே சினிமாவில் புன்னகைக்கும் தெய்வப் பிறவிதானே! இவர் பொய் சொல்கிறார், சண்டை போடுகிறார், பிறகு மன்னிப்புக் கேட்கிறார்.

கடல்நாரை:
மேட்ஸ் விளையாடியது பல ஆயிரம் மணி நேரம். நானும் ஒரு அப்பா, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வேறு வழி இருந்திருந்தால் அவர் திரைக்குள் போயிருப்பாரா?

அருள்மொழி:
கடல்நாரை, அந்த நேரக் கணக்கில் எனக்குக் குறை இல்லை. என் சங்கடம் அந்த உடல். மேட்ஸ் சக்கர நாற்காலியில் இருக்கும் காட்சிகள் மங்கலான குடும்ப வீடியோ. இபெலினோ கட்டுமஸ்தாக, பளிச்சென்ற வண்ணத்தில் ஓடுகிறார். ஓடும் உடலுக்குத்தான் வாழ்க்கை உண்டு என்று படம் சொல்லிவிடுகிறதே!

வெண்ணிலா:
அந்த உடலைத் தேர்ந்தெடுத்தது இயக்குநர் இல்லையே, மேட்ஸ்தானே. உள்ளே நுழைந்ததும் அரைமணி நேரம் சும்மா ஓடுவது அவர் வழக்கம். அவர் நினைவாக அவருடைய ஸ்டார்லைட் என்ற விளையாட்டுக் குழுவினர் விளையாட்டுக்குள் கூடி ஓடுகிறார்கள். அந்த உலகில் தன் சங்கிலிகள் அறுந்துவிடுகின்றன என்று அவரே வலைப்பூவில் எழுதினார்.

என் தம்பிக்கும் இதே நோய்தான். வயது 19. கை விரல்கள் மட்டும் நன்றாக அசைகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். "கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்குடா" என்று ஆறு வருடமாகச் சொல்லியிருக்கிறேன். யாரோடு சிரிக்கிறாய் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இந்தப் படம் பார்த்த அன்றுதான் கேட்டேன். நான்கு பெயர் சொன்னான். அதில் ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம், இவனுக்குத்தான் முதலில் சொன்னாராம்.

அருள்மொழி:
வெண்ணிலா, இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. படம் உங்கள் வீட்டில் செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் தம்பியின் அரட்டையை யாராவது படமாக்க வந்தால் சம்மதிப்பாரா?

வெண்ணிலா:
நான் பதில் சொல்வது முறையில்லை. நாளை அவனிடமே கேட்டு எழுதுகிறேன்.

வெண்ணிலா:
கேட்டேன். "பாதியைக் காட்டலாம், பாதியைக் காட்டக் கூடாது. எது எந்தப் பாதி என்று நான் எழுதி வைக்கிறேன்" என்றான். மத்தியானத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறான். கதவைச் சாத்தச் சொன்னான், சாத்திவிட்டு வந்தேன்.