புதுப்பிப்பு: ஏஐ சுருக்கத்தை வைத்துப் படித்தது என்ன ஆனது?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பாடத்தை ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கிப் படிக்கிறேன், படிக்கும்போது எல்லாம் புரிகிறது, தேர்வில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, என்ன செய்வது என்று. "சுருக்கம் கேட்காதே, கேள்வி கேட்கச் சொல்" என்றார் ஒருவர். அவருக்கு மனமார்ந்த நன்றி.

இப்போது முதலில் புத்தகத்தைப் படித்து மூடிவிடுகிறேன். அப்புறம், "ஒவ்வொரு கேள்வியாகக் கேள், விடையை உடனே சொல்லாதே" என்று ஏஐக்கு எழுதுகிறேன். கிளைகாலிசிஸில் (செல் குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டம்) நிகரமாக எத்தனை ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) கிடைக்கும் என்று கேட்டது. நான்கு என்றேன். "தொடக்கத்தில் ஏதாவது செலவானதா?" என்று திருப்பிக் கேட்டது. அட, இரண்டு செலவாகிறதே! மிச்சம் இரண்டுதான். நானே கண்டுபிடித்ததால் அது இன்னும் மறக்கவில்லை.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். என் பிரச்சினையும் அதேதான்.

ஒன்று மட்டும் கவனம். கிளைகாலிசிஸ் மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பதாக ஒருமுறை ஏஐ அடித்துச் சொன்னது. நடப்பது சைட்டோபிளாசத்தில். அதனால் சந்தேகம் வந்தால் புத்தகத்தைத்தான் திறக்கிறேன். கணக்குக்கு இதே முறையை இந்த வாரம்தான் தொடங்கியிருக்கிறேன்.