அம்மா வேடத்திலிருந்து மேடை நாயகி: ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு 'மேம்' நாடகம் எப்படிக் கிடைத்தது?

நித்யகல்யாணி கேட்டது:

எனக்கு 37 வயது. பதினோரு வருடமாகச் சின்னத்திரையில் நடிக்கிறேன். முப்பது வயதிலேயே அம்மா வேடம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது எனக்கு மகனாக நடிக்கும் பையன் என்னைவிட ஆறு வயதுதான் சின்னவர். சிறுவயதில் எட்டு வருடம் முறையாகப் பாட்டு கற்றுக்கொண்டேன். ஒரு தொடரில் தாலாட்டுக் காட்சி வந்தபோது நானே பாடுகிறேன் என்று கேட்டேன், சரி என்றார்கள். ஒளிபரப்பானபோது பார்த்தால் வேறொருவர் குரல். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இப்போது ஒரு நாடகக் குழு முழுநீள இசை நாடகத்துக்கு ஆள் தேடுகிறது. முதன்மைப் பாத்திரம் நாற்பது வயதுப் பெண். குரல் தேர்வுக்குப் போவதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "ஏஞ்சலா லான்ஸ்பரியும் உன்னை மாதிரிதான் இருந்தார், போய்ப் படித்துப் பார்" என்றாள் தோழி. தொலைக்காட்சியில் துப்பறியும் எழுத்தாளராக வரும் பாட்டியம்மாவாகத்தான் அவரை எனக்குத் தெரியும். அவர் பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில், நாயகி ஆனது எப்படி? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நான் முப்பத்திரண்டு வருடம் பாட்டு ஆசிரியையாக இருந்தவள். லான்ஸ்பரி என் மனசுக்கு மிக நெருக்கமானவர். உங்கள் தாலாட்டுக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அவருக்கும் அதேதான் நடந்தது. 1946-இல் வந்த 'தி ஹார்வி கேர்ள்ஸ்' படத்தில் அவர் வாயசைத்தார், பாடியது வர்ஜீனியா ரீஸ் என்ற பாடகி. இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருடம் வந்த வேறொரு படத்தில் சொந்தக் குரலில் பாடினார், அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கினார்.

இன்னும் பின்னால் போனால், அவருடைய முதல் சம்பளமே பாட்டுக்குத்தான். லண்டனில் பிறந்தவர். போர்க்காலத்தில், 1940-இல், அம்மாவோடும் தம்பிகளோடும் அமெரிக்காவுக்கு வந்தார். மான்ட்ரியலில் ஒரு இரவு விடுதியில் நோயல் கோவர்ட் என்ற ஆங்கிலப் பாடலாசிரியரின் பாடல்களைப் பாடும் வேலை கிடைத்தது. வயது பதினாறு, பத்தொன்பது என்று சொல்லிச் சேர்ந்தார். வாரம் 60 டாலர். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய கடையில் வேலை, அப்புறம் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தில் ஒப்பந்தம். முதல் படமான 'கேஸ்லைட்'டில் (1944) வேலைக்காரப் பெண் வேடம், அதற்கும் ஆஸ்கர் பரிந்துரை.

இப்படி ஆரம்பித்தவரை அந்த ஸ்டூடியோ நாயகியாக்கவில்லை. வயதுக்கு மீறிய வேடங்களாகவே கொடுத்தது. அங்கிருந்து வெளியே வந்த பிறகும் அதே கதைதான். 1961-இல் ஒரு படத்தில் எல்விஸ் பிரெஸ்லிக்கு அம்மா: அவருக்கு 26, இவருக்கு 35. அடுத்த வருடம் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' படத்தில் லாரன்ஸ் ஹார்விக்கு அம்மா, வித்தியாசம் மூன்றே வருடம். மேடையிலும் விடவில்லை. 1960-இல் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' நாடகத்தில் ஜோன் பிளோரைட்டுக்கு அம்மா, அங்கே வித்தியாசம் நான்கு வருடம். உங்கள் ஆறு வருடத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

இசை நாடகத்தில் முதல் வாய்ப்பு 1964-இல் வந்தது. ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையமைத்த 'எனிஒன் கேன் விசில்', ஊழல் மேயரம்மா வேடம். ஒன்பதே காட்சிகளோடு மூடிவிட்டார்கள். ஆனால் அதைப் படுதோல்வி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. இவர் மேடையில் நின்று, இசைக்குழுவோடு, பிறர் குரல் இல்லாமல் பாடக்கூடியவர் என்பது பிராட்வேக்குத் தெரிந்தது அந்த ஒன்பது காட்சிகளில்தான்.

அப்புறம் 'மேம்' என்ற இசை நாடகம். பெற்றோரை இழந்த பையனை வளர்க்கும், வாழ்க்கையைக் கொண்டாடும் அத்தையின் கதை. அந்த வேடம் ஏற்கெனவே மேடையிலும் திரையிலும் நடிகை ரோசலிண்ட் ரஸ்ஸலுடையதாகவே ஆகியிருந்தது. இசை நாடகத்துக்கும் முதலில் அவரைத்தான் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். அதன்பிறகும் பெரிய பெயருள்ள நட்சத்திரம்தான் வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். லான்ஸ்பரி தானாகப் போய்க் கேட்டார். மூன்று ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர் வரிசையில் நின்று குரல் தேர்வு கொடுத்தார், அதுவும் ஒருமுறை அல்ல. இசையமைப்பாளர் ஜெர்ரி ஹெர்மன் அவர் பக்கம் நின்றார். தயாரிப்பாளர்கள்தான் முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவரே அவர்களிடம், 'நான் கலிபோர்னியாவுக்குத் திரும்பப் போகிறேன், உண்டா இல்லையா சொல்லுங்கள்' என்கிற மாதிரி நேராகவே கேட்டுவிட்டார். இந்த இடத்தைத்தான் என் மாணவிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

1966 மே 24, விண்டர் கார்டன் அரங்கில் முதல் காட்சி. அவருக்கு அப்போது 40 வயது. அடுத்த மாதமே சிறந்த இசை நாடக நடிகைக்கான டோனி விருது, பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் பெரிய விருது அது. நாடகம் மொத்தம் 1,508 முறை நடந்தது.

மூன்றாம்மணி எழுதியது:

சுருதிப்பெட்டி அம்மா பாட்டைச் சொன்னார்கள், நான் உடம்பைச் சொல்கிறேன். இருபது வருடமாக நாடக மேடையில் பின்னரங்க வேலை பார்க்கிறேன். 'மேம்' நாடகத்தில் லான்ஸ்பரிக்கு இருபதுக்கு மேல் உடை மாற்றம், பத்துப் பாட்டு, நடனம். பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி வழக்கம். கேமரா முன்னால் மூச்சு வாங்கினால் 'கட்' சொல்லிவிடுவார்கள், மேடையில் ஆடி முடித்த அடுத்த நொடி நீண்ட ஸ்வரம் பிடிக்க வேண்டும். அதற்காக அவர் கடுமையாகப் பயிற்சி எடுத்தார். நீங்கள் தேர்வுக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்: மாடிப்படி இரண்டு தளம் ஏறி, நிற்காமல், பல்லவியை ஒரே மூச்சில் பாடுங்கள். எந்தச் சொல்லில் மூச்சு அறுகிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது.

நித்யகல்யாணி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. படி ஏறிப் பார்த்தேன், இரண்டாவது வரியிலேயே மூச்சு போய்விட்டது. நாளையிலிருந்து தினமும் செய்யப்போகிறேன். இன்னொரு சந்தேகம்: 'மேம்' படமாக வந்தபோதும் அவர்தான் நடித்தாரா?

சுருதிப்பெட்டி எழுதியது:

இல்லையம்மா. 1974-இல் படம் வந்தபோது வேடத்தை லூசில் பால் என்ற பெரிய நட்சத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். லான்ஸ்பரிக்கு அது ஆறாத வருத்தம். எனக்கும் அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் மேடை அவரை விடவில்லை. 1969, 1975, 1979 என்று இசை நாடக நாயகிக்கான டோனி இன்னும் மூன்று முறை வந்தது. நீங்கள் பார்த்த அந்தத் துப்பறியும் தொடர் 1984-இல்தான் ஆரம்பம்.

தேர்வுக்கு என்ன பாடப்போகிறீர்கள்?

நித்யகல்யாணி எழுதியது:

வருகிற சனிக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் வாங்கிவிட்டேன். இரண்டு பாட்டு கேட்டிருக்கிறார்கள். ஒன்று இன்னும் முடிவாகவில்லை. இன்னொன்று அந்தத் தாலாட்டு.

சுருதிப்பெட்டி எழுதியது:

தாலாட்டை முதலில் பாடுங்கள். சுருதியை அரைக் கட்டை இறக்கியே ஆரம்பியுங்கள், காலை நேரத்தில் குரல் உடனே மேலே போகாது.