எக்ஸ்பியில் 4 ஜிபி ராம், காட்டுவது 3.24: பிஏஇ போட்டும் மாறவில்லை

கேள்வி:
வணக்கம். பழைய ஸ்கேனருக்கு 32 பிட் டிரைவர் மட்டுமே இருப்பதால் விண்டோஸ் எக்ஸ்பி எஸ்பி3 (மூன்றாவது சர்வீஸ் பேக்) கணினியை வைத்திருக்கிறேன். நெட் இணைப்பு கிடையாது. தாத்தாவின் கணக்கு நோட்டுகளை 600 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்கிறேன். பதினைந்து பக்கம் தாண்டினால் 'நினைவகம் போதவில்லை' என்று நின்றுவிடுகிறது. ராமை 4 ஜிபி ஆக்கினேன்; 3.24தான் காட்டுகிறது. விண்டோஸ் தொடங்கும்போது படிக்கும் பூட்.இனி கோப்பில் /பிஏஇ (4 ஜிபிக்கு மேலான ராமை எட்டவைக்கும் வசதி) சேர்த்ததும் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'பிசிக்கல் அட்ரஸ் எக்ஸ்டென்ஷன்' என்று வருகிறது, அளவு மாறவில்லை. 64 பிட் போட்டால் சரியாகுமா? மதர்போர்டு இன்டெல் 945ஜி சிப்செட்.

பதில்:
பிஏஇ வேலை செய்கிறது, ஆனால் எக்ஸ்பி அதை ராமைக் கூட்டப் பயன்படுத்துவதில்லை. 1995இல் பென்டியம் ப்ரோ செயலியோடு வந்தபோது, ராமின் ஒவ்வொரு இடத்தையும் குறிக்கும் முகவரியை 36 பிட்டாக்கி 64 ஜிபி வரை எட்டவைத்தது. விண்டோஸ் சர்வரின் பெரிய பதிப்புகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. எக்ஸ்பியிலோ, 4 ஜிபிக்கு மேலான முகவரிகளில் பல டிரைவர்கள் தடுமாறியதால், எஸ்பி2 முதல் அவற்றைத் தொடுவதையே நிறுத்திவிட்டார்கள். டெப் பாதுகாப்புக்காக (தரவுக்கான நினைவகப் பகுதியில் நிரல் ஓடாமல் தடுப்பது) மட்டும் பிஏஇ ஓடுகிறது.

காணாமல் போன பகுதியின் முகவரிகளை கிராபிக்ஸ், பிசிஐ கருவிகள், பயாஸ் ஆகியவை எடுத்துக்கொண்டன. ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டுக்குக் கொடுக்க முடியாதல்லவா? புதிய போர்டுகள் அந்த ராமை 4 ஜிபிக்கு மேலே நகர்த்தும். 945இல் அந்த வசதி இல்லை, 64 பிட் போட்டாலும் ஏறக்குறைய இதே அளவுதான். அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

வேறொரு பதில்:
உங்கள் பிழைக்கும் அந்த முக்கால் ஜிபிக்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன். 600 டிபிஐயில் ஒரு ஏ4 வண்ணப் பக்கம் சுமார் 100 எம்பி. பதினைந்து பக்கத்துக்கு ஒன்றரை ஜிபி. 32 பிட் விண்டோஸில் ஒரு நிரலுக்குக் கிடைக்கும் முகவரி இடமே 2 ஜிபிதான், ராம் எவ்வளவு இருந்தாலும். பிழை வரும்போது டாஸ்க் மேனேஜரில் ராம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன், ஒரு ஜிபிக்கு மேல் சும்மா இருக்கிறது! அப்படியென்றால் பூட்.இனியில் /3ஜிபி (ஒரு நிரலுக்கு 3 ஜிபி வரை தருவது) போடலாமா?

அதே பதிலாளர்:
வேண்டாம். நிரல் அதற்கென்று தயாரிக்கப்பட்டிருந்தால்தான் பலன். அதோடு கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதி) பங்கு 1 ஜிபியாகச் சுருங்கி டிரைவர்கள் திணறும். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை சேமித்து, நிரலை மூடித் திறங்கள். மை நிறம் முக்கியமில்லாத பக்கங்களை கிரேஸ்கேலில் எடுங்கள், மூன்றில் ஒரு பங்கு இடம் போதும்.

கேட்டவர்:
பத்துப் பத்தாக எடுத்தேன். முதல் நோட்டு முழுவதும், 84 பக்கமும், தடையில்லாமல் முடிந்தது. அட்டையை மட்டும் வண்ணத்தில் வைத்துக்கொண்டேன், தாத்தாவின் சிவப்பு மைக் கையெழுத்து அதில்தான் இருக்கிறது. இருவருக்கும் நன்றி.