வீட்டில் சும்மா கிடக்கும் பொருளை வாடகைக்கு விட ஒரு ஆப் செய்கிறேன், எங்கே சறுக்குகிறேன் என்று சொல்லுங்கள்

பாலக்கோட்டான்

வணக்கம். ஊர் பாலக்கோடு, வேலை ஓசூரில். ஒரு வருடமாக சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். டிரில்லிங் மிஷின், அலுமினிய ஏணி, பவர் ஸ்பிரேயர், கேமரா, வாக்கர், சக்கர நாற்காலி என்று வருடத்தில் நாலு நாள் மட்டும் வெளியே வரும் சாமான்களை அக்கம்பக்கத்தில் வாடகைக்கு விட, எடுக்க. போன வாரம் சொந்தக்காரர்கள் 12 பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். 7 பேர் ஆதார் படம் கேட்கும் திரையிலேயே நின்றுவிட்டார்கள். சித்தி ‘ஏணி’ என்று தேடினார், நான் ‘லேடர்’ என்று வைத்திருந்ததால் ஒன்றும் வரவில்லை. ஒரு பொருளைப் பதிய 9 கட்டம் நிரப்ப வேண்டும் என்று பார்த்த மாமா, "இதுக்கு நான் சும்மாவே குடுத்துடுவேன்டா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முன்பணம் எப்படி வாங்குவது, உடைந்தால் யார் பொறுப்பு, இதுவும் புரியவில்லை. எதை முதலில் சரிசெய்யட்டும்?

அண்டா குண்டான்

தம்பி, காரிமங்கலம் பக்கம் 20 வருடத்துக்கு மேல் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஆப் பற்றித் தெரியாது, பொருள் போய்த் திரும்பி வருவது பற்றித் தெரியும். நீ தேடுகிற பக்கத்தை அழகாகச் செய்துகொண்டிருக்கிறாய், சண்டை வருவது அங்கே இல்லை, திருப்பிக் கொடுக்கிற நேரத்தில்தான் வரும்.

என் கடையில் இதுவரை ஒரு அண்டா தொலைந்ததில்லை. தொலைவது கரண்டி, மூடி, ஜல்லிக்கரண்டி. உன் டிரில்லிங் மிஷினும் அப்படித்தான், மிஷின் வந்துவிடும், துளை போடும் பிட்டும் அதை முடுக்கும் சாவியும் வராது. அதனால் ‘டிரில்லிங் மிஷின் 1’ என்று போடாதே, கூட வரும் சில்லறைச் சாமான் அத்தனையும் வரிசையாகத் திரையில் வரட்டும், கொடுக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி டிக் போடட்டும், வாங்கும்போது அதே வரிசை மறுபடி வரட்டும். நாங்கள் பாத்திரத்தில் பேர் வெட்டி வைப்பது எதற்கு? பந்தியில் நாலு கடைப் பாத்திரம் கலந்துபோகும். அந்தப் பேர் வெட்டிய இடத்தையும் ஏற்கனவே இருக்கிற நசுங்கலையும் படம் எடுக்கச் சொல்லு, முழுப் பொருளின் படம் மட்டும் இருந்து புண்ணியமில்லை.

அப்புறம் ‘ஒரு நாள் வாடகை’ என்று எழுதவே எழுதாதே. சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துப்போய் ஞாயிறு முகூர்த்தம் முடித்து திங்கள் காலை கொண்டுவருகிறவருக்கு அது ஒரு நாள், எனக்கு இரண்டு நாள். ‘திங்கள் காலை 10 மணிக்குள்’ என்று எழுது. முகூர்த்த நாளும் காலண்டரில் தெரியணும். ஆடியிலும் மார்கழியிலும் கேட்க ஆள் இருக்காது, வைகாசியில் ஒரே நாளில் பத்து பேர் ஒரே ஏணியைக் கேட்பார்கள்.

ஓசூர் டூ ஷிஃப்ட்

அண்ணா, நான் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன், நாலு பெண்கள் ஒரு வீட்டில். எங்களுக்கு வேண்டியது டிரில்லிங் மிஷின் இல்லை, அம்மா வந்தால் பத்து நாளைக்கு ஒரு கட்டிலும் ஃபேனும். ஆனால் வாடகைக்கு விடுகிற யாரோ ஒருவருக்கு என் நம்பரும் வீட்டு வாசலும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பேரும் சரி சொன்ன பிறகு மட்டும் நம்பர் காட்டுங்கள், கைமாற்ற ஒரு பொது இடம், மளிகைக் கடையோ பஸ் ஸ்டாப்போ, குறிக்க வழி வையுங்கள். ஆதார் நகலை நீங்கள் சேர்த்து வைப்பது உங்களுக்கே தலைவலி. கட்டாயம் கேட்டே ஆகணும் என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் இருக்கிறதே, அது போதும். ஏணிக்கு அதுகூட எதற்கு?

இங்கே பக்கத்து வீட்டில் தெலுங்கு, மாடியில் கன்னடம். மைக் பட்டன் ஒன்று வைத்து வாயால் கேட்க விடுங்கள், எழுத்துத் தேடல் அப்புறம்.

கேஆர்பி அணை

நடுவில் வருகிறேன். ‘3 கிலோமீட்டருக்குள்’ என்று மேப்பில் வட்டம் போட்டால் எங்கள் ஊருக்கு ஆகாது. அணைக்கு அக்கரையில் இருக்கிறவர் வட்டத்துக்குள் வருவார், போக வேண்டுமென்றால் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகணும். ரோடு தூரம் காட்டுங்கள்.

இன்னொன்று, ‘பைக், கார்’ என்று ஒரு பிரிவு வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். வெள்ளை நம்பர் பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு விட முடியாது, தானே ஓட்டிப் போகும் வாடகைக் காருக்கு கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. விபத்து ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். டிராக்டரும் வேண்டாம், அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை இருக்கிறது.

முன்பணத்துக்கு: 2018-இல் வந்த யுபிஐ 2.0-இல் ஒருமுறை மேண்டேட் என்று ஒன்று உண்டு. முன்பணம், பொருளை வாடகைக்கு எடுத்தவரின் கணக்கிலேயே முடங்கி நிற்கும், யார் கைக்கும் போகாது. உங்கள் பேமென்ட் பார்ட்னர் தருகிறாரா என்று கேளுங்கள்.

சும்மா வந்தவன்

எங்க மாமா வாங்கிப் போன டார்ச் லைட் மூணு வருஷமா வரல. அதை உங்க ஆப்ல ஏத்தி தேடித் தர முடியுமா ப்ரோ?

அண்டா குண்டான்

அது வாடகை இல்லை தம்பி, சீர்.

பாலக்கோட்டான்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பாதியை அழித்துவிட்டேன். ஆதார் போச்சு, வண்டிப் பிரிவு போச்சு. 9 கட்டம் இப்போது 3: படம், வாடகை, எப்போது திரும்ப வேண்டும். மைக் பட்டன் வைத்தேன், சித்தி ‘ஏணி’ என்றார், வந்தது. சில்லறைச் சாமான் வரிசை மட்டும் எப்படிச் செய்வது என்று யோசிக்கிறேன், ஒவ்வொரு பொருளுக்கும் நானே எழுதி வைப்பதா, உரிமையாளரே சேர்ப்பதா. அண்ணா, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இல்லையென்றால் கடைக்கு வரட்டுமா, உங்கள் நோட்டை ஒரு தடவை பார்க்கணும்.

அண்டா குண்டான்

ஞாயிறு முகூர்த்தம் இருக்கு. செவ்வாய் வா. வரும்போது நசுங்கிய சாமான் ஏதாவது இருந்தால் கொண்டுவா, எப்படிப் படம் எடுக்கணும்னு காட்டுறேன்.