பதில்: சிம்பாலிக் லிங்க்குக்குத் தமிழ்ச்சொல்

> 'குறியீட்டு இணைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறதே?

எனக்கு இதில் உடன்பாடில்லை. சிம்பாலிக் லிங்க் என்பது இன்னொரு கோப்புக்குப் போகும் பாதையை மட்டும் உள்ளே வைத்திருக்கும் தொடுப்பு (லிங்க்). லினக்ஸ் பயன்படுத்துபவர்களில் பலர் இந்தச் சொல்லை முதன்முதலில் பார்ப்பது ஒரு பிழைச்செய்தியில்தான். ஆகவே சொல்லையும் பிழைச்செய்தியில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில், நூலகப் பொதி (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) நிறுவி முடியும்போது, நூலகத் தொடுப்புகளைச் சரிசெய்யும் எல்டிகான்ஃபிக் என்ற நிரல் ஓடும். சில நேரம் அது 'லிப்கர்ல்.எஸ்ஓ.4 சிம்பாலிக் லிங்க் அல்ல' என்று எச்சரிக்கும். டெபியன் 12-இல் உண்மையான நூலகம் லிப்கர்ல்.எஸ்ஓ.4.8.0 என்ற கோப்பு. லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்பதற்குள் அந்தக் கோப்புக்குப் போகும் பாதை மட்டுமே இருக்க வேண்டும். யாராவது சிபி என்ற நகலெடுக்கும் கட்டளையை வெறுமனே கொடுத்து அந்தத் தொடுப்பை நகலெடுத்திருந்தால், கட்டளை தொடுப்பின் வழியே போய் உள்ளடக்கத்தையே அள்ளி வந்துவிடும். பாதை இருக்க வேண்டிய இடத்தில் முழு நூலகம் உட்கார்ந்திருக்கும். 4.8.0 கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நகலை வேறு அடைவுக்கு நகர்த்தி, எல்டிகான்ஃபிக்கை மறுபடி ஓட்டினால் போதும், தொடுப்பை அதுவே உருவாக்கிவிடும்.

இந்த இடத்தில் 'குறியீட்டு இணைப்பு அல்ல' என்று தமிழில் வந்தால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. 'பாதைத்தொடுப்பு அல்ல' என்று வந்தால், உள்ளே பாதை இல்லை, வேறெதுவோ இருக்கிறது என்பதாவது தெரியும். என் பரிந்துரை அதுதான்: பாதைத்தொடுப்பு.

மற்ற செய்திகளிலும் இது பொருந்துகிறது. சுட்டப்பட்ட கோப்பை நீக்கிவிட்டால், பட்டியலில் பெயர் தெரியும், திறந்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வரும். புதியவர்களை மிகவும் குழப்புவது இதுதான். அதை 'அறுந்த பாதைத்தொடுப்பு' எனலாம். ஒன்றையொன்று காட்டிக்கொண்டே போகும் தொடுப்புகளை லினக்ஸ் கருநிரல் (கெர்னல்) 40 வரை தொடர்ந்து பார்த்துவிட்டுக் கைவிடும். அதற்குப் 'பாதைத்தொடுப்புச் சுழல்'.

'சுட்டி' வேண்டாம். மவுஸுக்கும் அதுதான், சி மொழியின் பாயின்டருக்கும் அதுதான், வலைமுகவரிக்கும் அதையே எழுதுகிறோம். 'மென்தொடுப்பு' சொல்ல நன்றாக இருக்கிறது, ஆனால் எது மென்மை என்று கேட்டால் பதில் இல்லை.

அப்புறம், ஹார்டு லிங்க்கையும் கையோடு முடிவு செய்துவிடலாம். அங்கே பாதையே கிடையாது. ஒரே ஐனோடுக்கு (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) இன்னொரு பெயர், அவ்வளவுதான். 'மாற்றுப்பெயர்' என்றால் ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) கட்டளைக்கு வைக்கும் அலையஸோடு குழம்பும். 'இணைப்பெயர்' சரியாக வருமா? சி மொழி, ஷெல் இரண்டின் சொற்களையும் மொழிபெயர்ப்பவர்கள், ஏற்கெனவே உள்ள சொற்களோடு மோதல் ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.