சிறுவர் நூலகச் சுவரில் ஊடாடும் டிஜிட்டல் கலை: புத்தகத்துக்குத் துணையாகுமா?

கேள்வி | சிறுவர் பிரிவு நூலகர்

நான் பணியாற்றும் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில், ஏறக்குறைய 4 மீட்டர் அகலமுள்ள வெற்றுச் சுவர் ஒன்று இருக்கிறது. 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்காக, அவர்களுடைய அசைவுக்கும் தொடுதலுக்கும் ஏற்ப ஒளியும் உருவங்களும் மாறும் டிஜிட்டல் கலை நிறுவல் ஒன்றை அங்கே அமைக்க அனுமதி கிடைத்துள்ளது. எனக்கு இதில் ஆர்வம் மிகுதி. ஆனால் அத்தகைய நிறுவல் ஒன்றின் செயல்விளக்கத்தைப் பார்க்கச் சென்றபோது, குழந்தைகள் சுவரை ஓயாமல் அறைந்துகொண்டிருந்ததையும், பெற்றோர் பின்னால் நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்ததையும் கண்டேன். அரை மணி நேரத்தில் ஒரு குழந்தைகூடப் பக்கத்திலிருந்த புத்தக அடுக்கின் பக்கம் திரும்பவில்லை. நூலகத்துக்குள் வைத்துவிட்டதாலேயே ஒன்று நூலகத்துக்குரியதாகிவிடுமா என்ற ஐயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. இத்துறையில் அனுபவமுள்ளவர்கள், எதைத் தேர்வு செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி | நிறுவல் கலைஞர்

நீங்கள் கண்ட அறைதல் குழந்தைகளின் குற்றமன்று. அந்த நிறுவல் அவர்களிடம் கேட்டதே அதைத்தான். தொட்ட கணமே ஒளி வெடித்துச் சிதறினால், இருபதாவது முறையும் தொட்டுப் பார்க்கத்தான் குழந்தைக்குத் தோன்றும். ஆகவே, சுவர் எதற்கு அசைந்து கொடுக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக அசைந்து கொடுக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். புரொஜெக்டரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

கமில் அட்டர்பேக், ரோமி அகிடுவ் ஆகியோர் 1999-இல் உருவாக்கிய 'டெக்ஸ்ட் ரெயின்' என்ற நிறுவலை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அதில் பார்வையாளரின் உருவம் திரையில் தெரியும். மேலிருந்து எழுத்துகள் மழைபோல் இறங்கி அவருடைய தோளிலும் நீட்டிய கையிலும் தங்கும். கையை அப்படியே ஏந்திப் பொறுத்திருப்பவருக்கு அந்த எழுத்துகள் கூடி ஒரு சொல்லாகும், சில வேளை கவிதை வரியொன்றாகவும் ஆகும். இன்னும் படிக்கக் கற்காத குழந்தைக்கும் எழுத்தைக் கையில் ஏந்தி நிற்பது பெரிய அனுபவம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜப்பானின் டீம்லேப் என்ற டிஜிட்டல் கலைக் குழுவின் 2013-ஆம் ஆண்டுப் படைப்பான 'ஸ்கெட்ச் அக்வேரிய'த்தில் குழந்தை முதலில் தாளில் ஒரு மீனுக்கு வண்ணம் தீட்டுகிறது. அதை ஸ்கேன் செய்ததும், அதே மீன் சுவரில் மற்ற மீன்களோடு நீந்தத் தொடங்குகிறது. கிரேயானும் தாளுமாக உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், அருகிலிருக்கும் பெரியவர் 'இந்த மீன் எங்கே போகிறது?' என்று கேட்பார், குழந்தை கதை சொல்லத் தொடங்கும். நூலகத்துக்கு வேண்டியது அந்தப் பேச்சு. சுவரில் நீந்தும் மீன் அதற்கொரு காரணம் மட்டுமே.

அரிதாக நிகழும் ஒன்றுக்கும் ஈர்ப்பு உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் 2015-இல் திறக்கப்பட்ட டாக்-1 நூலகத்தில் மிகப் பெரிய குழாய் மணி ஒன்று தொங்குகிறது. நகரின் மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால், நூலகத்தில் அந்த மணி ஒலிக்கும். பெரியவரின் நிழலும் குழந்தையின் நிழலும் ஒன்றையொன்று தொடும்போது மட்டுமே மலரும் காட்சி ஒன்றை உங்கள் சுவரிலும் அமைக்கலாம்; அப்போது பெற்றோர் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு முன்னால் வந்தே ஆக வேண்டியிருக்கும்.

மறுமொழி | ஓய்வுபெற்ற நூலகர்

கலைஞர் சொன்னவை அனைத்தும் சரியே. ஆயினும் திறப்பு விழாவுக்கு அடுத்த ஆண்டைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் நூலகத்தில் அமைத்த நிறுவல், வடிவமைத்தவர்கள் வந்து இயக்கிக் காட்டிய அன்று மிக நன்றாக வேலை செய்தது. மறுநாள் குழந்தைகள் வந்தபோது பாதிப் பேரை அது கண்டுகொள்ளவேயில்லை. அசைவைக் கண்டறியும் உணரியின் (சென்சார்) உயரமும் சாய்வும் பெரியவர்களை வைத்தே அளவிடப்பட்டிருந்தன. 3 வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே, பணத்தை முழுமையாகக் கொடுப்பதற்கு முன், உண்மையான குழந்தைகளை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கருவிகளின் ஆயுளையும் மறக்கக் கூடாது. 2010-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட, உடலசைவைக் கண்டறியும் கினெக்ட் உணரியை நம்பி உலகெங்கும் எத்தனையோ நிறுவல்கள் உருவாயின. 2017-இல் அதன் உற்பத்தி நின்றது. ஒரே கருவியைச் சார்ந்து எழுதப்பட்ட மென்பொருள், அந்தக் கருவியோடு சேர்ந்து முடங்கிவிடும். மென்பொருளின் மூல நிரலும், அதை மாற்றியமைக்கும் உரிமையும் நூலகத்தின் கையில் இருக்கட்டும். சுவரை ஒட்டியே பொருத்தக்கூடிய மிகக் குறுந்தொலைவு புரொஜெக்டராக வாங்கினால், குழந்தைகளின் கண்ணில் நேரடியாக ஒளி படுவதும், அவர்களுடைய நிழல் காட்சியை மறைப்பதும் பெருமளவு குறையும். கேமரா இருக்குமானால், அது படம் எதையும் சேமிப்பதில்லை என்பதைப் பெற்றோருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். உண்மையிலேயே சேமிக்காதபடி அமைத்த பிறகு எழுதுங்கள்.

மறுமொழி | ஒரு குழந்தையின் தாய்

என் மகனுக்குத் திடீர் ஒலியும் மின்னும் ஒளியும் தாங்காது. அவனுக்குப் பிடித்த ஓர் அறைக்குள் அவன் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது எனக்கு எவ்வளவு வேதனை என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்று, மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் இணைய உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறைகள் கூறுகின்றன. அதைச் சுவருக்கும் விதியாக்குங்கள். ஒலியைக் குறைக்கும் பொத்தான் ஒன்று பணியாளர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சுவர் முழுவதும் அணைக்கப்பட்டிருக்கும் சில மணி நேரத்தை முன்கூட்டியே அறிவித்தால், எங்களைப் போன்றவர்கள் அந்த நேரம் பார்த்து வருவோம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தாளில் வரைந்து சுவரில் காணும் அமைப்பையே பரிந்துரைக்கப் போகிறேன். வரையும் மேசையைச் சுவருக்கு அருகில் வைக்காமல், அடுக்குகளின் நடுவே, அந்த மாதத்துக்கான படப்புத்தகங்கள் சூழ வைக்க எண்ணுகிறேன். கடல் மாதத்தில் கடற்புத்தகங்களைத் திறந்து பார்த்துத்தான் குழந்தைகள் மீனை வரைவார்கள். அணைத்து வைக்கும் நேரத்தையும் வாசலில் எழுதி ஒட்டுவேன்.

மறுமொழி | நிறுவல் கலைஞர்

நல்ல முடிவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அங்கிருந்தே சுவர் தெரிய வேண்டும். அடுக்குகள் மறைத்தால், 3 வயதுக் குழந்தையால் தன் தாளிலுள்ள மீனையும் சுவரிலுள்ள மீனையும் ஒன்றென்று இணைத்துப் பார்க்க முடியாமல் போகலாம். இடையிலுள்ள அடுக்குகளைக் குழந்தையின் கண்மட்டத்துக்குக் கீழே தாழ்த்திவிட்டால் போதும்.